வழி தவறிய விமானி

சாக்லேட் தொழிற்சாலையையும் மட்டில்டாவையும் சிறாருக்கு அளித்த ரோல்ட் டால், எழுத வருவதற்கு முன் போர் விமானி. 1916-இல் வேல்ஸில் நார்வேப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஷெல் எண்ணெய் நிறுவன ஊழியராகத் தாருஸ்ஸலாமில் இருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1939 நவம்பரில் நைரோபி சென்று பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தார். ஆறரை அடி உயரம். பயிற்சி விமானத்தின் முகப்புக் கண்ணாடிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும். உடன் பறக்கக் கற்றவர்களையும் சேர்த்து மொத்தம் 16 பேர். அவர்களுள் 13 பேர் இரண்டே ஆண்டுகளில் மாண்டனர் என்று பின்னாளில் எழுதினார்.

1940 செப்டம்பரில் இத்தாலியப் படை எகிப்து எல்லையைக் கடந்தது. அம்மாதம் 19-ஆம் நாள், பாலைவனத்தில் முகாமிட்டிருந்த 80-ஆவது படைப்பிரிவுக்கு கிளாடியேட்டர் எனும் ஈரிறக்கை விமானத்தை ஓட்டிச் செல்லும் பணி டாலுக்கு வந்தது. அவ்விமானத்தில் அவருக்குப் பழக்கமில்லை. வான்போர் செய்வது எப்படி என்றும் எவரும் கற்பிக்கவில்லை. அடையாளமேதும் இல்லாத மணல்வெளியில் வரைபடம் ஒன்றே துணை. பொழுது சாய்ந்தது, எரிபொருள் தீர்ந்துவந்தது, தேடிய ஓடுதளம் மட்டும் தென்படவில்லை. தவறான இடத்தைக் குறித்துக் கொடுத்தனர் என்பது டாலின் கூற்று. வேறு வழியின்றித் தரையிறங்க முயன்றபோது விமானம் பாறையில் மோதியது. மண்டையோடு பிளந்து, மூக்கு நசுங்கி, எரியும் விமானத்திலிருந்து தவழ்ந்து வெளியேறினார். பல வாரங்கள் பார்வையில்லை. அலெக்ஸாண்டிரியா மருத்துவமனையில் மாதக்கணக்கில் கிடந்தார்.

தேறியவரை 1941 ஏப்ரலில் கிரேக்கத்துக்கு அனுப்பினர். ஹரிகேன் விமானத்தில் சில மணி நேரப் பழக்கம், உடனே போர். ஏப்ரல் 20 அன்று ஏதென்ஸ் வானில் நிகழ்ந்த சண்டையில் பேட் பேட்டில் வீழ்ந்தார். முன்பு அதே 80-ஆவது பிரிவில் கிளாடியேட்டர் ஓட்டிப் பாலைவனத்தில் தேர்ந்தவர், பிரிட்டிஷ் தரப்பின் மிகச் சிறந்த விமானிகளுள் ஒருவர் அவர். கற்றுக்குட்டி டால் உயிருடன் திரும்பினார். பகைவர் எண்ணிக்கை பன்மடங்காகும்போது அனுபவமும் காக்காது போலும்.

பின்னர் ஹைஃபாவில் சில வாரங்கள் பறந்தார். பழைய காயத்தால் தலைவலி முற்றவே, தாயகம் அனுப்பப்பட்டார். 1942-இல் வாஷிங்டனில் தூதரகப் பணியிலிருந்தபோது அவ்விபத்தை ஓர் அமெரிக்க வார இதழில் எழுதினார். லிபியாவின் மீது சுட்டு வீழ்த்தப்பட்டதாகச் சொல்லும் தலைப்புடன் அது வெளிவந்தது. அவரை யாரும் சுடவில்லை. விழுந்த இடம் லிபியாவும் அன்று, எகிப்து. போர்க்காலத்தில் பகைவனின் குண்டு வீரக்கதை ஆகும். சொந்தப் படையின் கவனக்குறைவு ஆகாது. பயிற்சியின்றி ஓர் இளைஞனை மணற்காட்டுக்கு அனுப்பியோர் அத்தலைப்பில் எளிதாக மறைந்துகொண்டனர்.

சுட்டவர் எவருமில்லாத அந்த மாலைப்பொழுதை 1986-இல், எழுபதாம் வயதில், தம் நினைவு நூலில் டால் எழுதிவைத்தார்.