கேட்ட பின்னரே தீர்ப்பு

பட்டம் பெற்றவரே போதிக்கத் தக்கவர் என நெடுங்காலம் எண்ணியிருந்த எனக்கு யோன் வெஸ்லியின் வரலாறு பாடமாயிற்று.

1703ஆம் ஆண்டு இங்கிலாந்திலே குரு ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த வெஸ்லி, ஒக்ஸ்போட்டிற் பயின்று தாமும் குருவானார். பிரசங்கம் குருமார்க்கே உரியது என்பது அவர் கொள்கை. 1740ஆம் ஆண்டையொட்டி, குருப்பட்டம் பெறாத தோமஸ் மக்ஸ்பீல்ட் இலண்டனிற் பிரசங்கிப்பதை அறிந்து, தடுக்க விரைந்தார். கேளாமுன் தீர்ப்புக் கூறலாகாதென அன்னை சூசன்னா அறிவுறுத்தினார். வெஸ்லி கேட்டார், கேட்டபின் இசைந்தார்.

1742இல் பிறிஸ்ரல் நகரிலே, சபை மண்டபக் கடனைத் தீர்க்க உறுப்பினரைப் பன்னிருவர் கொண்ட குழுக்களாக வகுத்து, வாரம் ஒரு பென்னி சேர்க்கும் பொறுப்பைக் குழுவுக்கு ஒருவரிடம் ஒப்புவித்தனர். காசு பெற வீடு சென்றோர் அங்குள்ளார் வாழ்க்கை நிலையையுங் கண்டனர். அவ்வேற்பாடே வாரந்தோறுங் கூடித் தம் ஆன்ம நிலையை மனந்திறந்து உரையாடும் வகுப்புக் கூட்டமாக வளர்ந்தது. தொழிலாளரும் வணிகரும் பெண்களும் அவற்றை நடத்தினர்.

வெஸ்லி 1791இல் மறைந்தார். 1814இல் அவர் வழிவந்த மெதடிஸ்த மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர்.

கொள்கையை நிறுவியவர் பலர். கேட்டறிந்து அதனைத் திருத்திக்கொண்டவர் சிலரே. கடைசி வாங்கில் இருக்கும் மாணவன் செய்யுளுக்குப் பொருள் கூற எழும்போது, இப்பொழுதெல்லாம் யான் முதலிற் கேட்கின்றேன்.