ரொட்டித் துணுக்கு சொன்ன பாடம்

ஏழைக் குழந்தைகளின் மனப் பசியை அறிந்த மாண்டிசோரி அம்மையார்

ரோம் நகரில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி. அங்கே ஓர் அறையில் சில குழந்தைகளை அடைத்து வைத்திருந்தார்கள். மந்த புத்தி உள்ளவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகள்.

சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் தவழ்வார்கள். சிந்திக் கிடக்கும் ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். அவர்களைக் கவனித்துவந்த பெண், இதுகளுக்குச் சாப்பாட்டு ஆசை தீரவே தீராது என்று முகம் சுளித்தாள்.

அங்கு வந்த ஓர் இளம் பெண் டாக்டர் அறையைச் சுற்றிப் பார்த்தார். நான்கு சுவர்களைத் தவிர எதுவும் இல்லை. கையில் எடுத்து உருட்டிப் பார்க்கக் குழந்தைகளுக்குக் கிடைத்தது ரொட்டித் துணுக்கு ஒன்றுதான்!

இது வயிற்றுப் பசி அல்ல, மனப் பசி என்று அவர் கண்டுகொண்டார்.

அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார்.

டாக்டர் ஆனார்

மாண்டிசோரி 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, இத்தாலியில் உள்ள கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். பெண்கள் டாக்டருக்குப் படிப்பது அபூர்வமான காலம் அது. தந்தைக்கு அதில் விருப்பம் இல்லை. தாயார் துணை நின்றார். 1896-ல் மாண்டிசோரி டாக்டர் பட்டம் பெற்றார்.

ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கையால் தொட்டுப் பழகும் சாமான்களைக் கொடுத்துப் பாடம் சொன்னார். அவர்களில் சிலர் எழுதப் படிக்கக் கற்று, மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பரீட்சை எழுதித் தேறினார்கள்!

ஊரார் குழந்தைகளுக்காக உழைத்த அம்மையாரின் வாழ்விலும் ஒரு சோகம் உண்டு. 1898-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் மரியோ. திருமணம் ஆகாததால், ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிக் குழந்தையை ஒரு கிராமத்துக் குடும்பத்தில் வளர்க்க விட்டார். மகன் வளர்ந்து பெரியவனான பிறகே தாயுடன் வந்து சேர்ந்தான்.

சுவரைக் காக்க வந்த பள்ளி

ரோமில் சான் லோரன்சோ என்பது பரம ஏழைகள் வாழ்ந்த பகுதி. பெற்றோர் விடிந்ததும் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் திரிவார்கள். சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்குவார்கள்.

சுவரைக் காப்பாற்ற வேண்டும் என்று கட்டட முதலாளிகள் நினைத்தார்கள். பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து வைக்க ஏற்பாடு செய்தார்கள். பொறுப்பு மாண்டிசோரியிடம் வந்தது. 1907 ஜனவரி 6-ந் தேதி "குழந்தைகள் இல்லம்" திறக்கப்பட்டது.

வந்த பிள்ளைகள் சுமார் 50 பேர். பயந்த முகம், அழுத கண், வாயில் பேச்சு இல்லை. வறுமை அவர்களின் உடலை மட்டும் அல்ல, மனத்தையும் முடக்கிப் போட்டிருந்தது.

அம்மையார் அதட்டவில்லை. கட்டையில் உள்ள குழிகளில் மர உருளைகளைப் பொருத்தும் சாமான்களைக் கொடுத்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அதில் மூழ்கிவிட்டாள். சுற்றிலும் பாட்டும் கூத்தும் நடந்தன. அவள் நிமிரவே இல்லை. 42 தடவை செய்து முடித்துவிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவள் போலச் சிரித்தாள்!

ஒருநாள் மொட்டைமாடியில் ஐந்து வயதுப் பையன் சாக்குக்கட்டியால் புகைபோக்கியை வரைந்தான். அம்மையார் பாராட்டினார். உடனே அவன் தரையில் "கை" என்ற இத்தாலியச் சொல்லை எழுதினான். எனக்கு எழுத வந்துவிட்டது என்று குதித்தான். எழுத்தறியாத தாய்மார்கள் அதைப் பார்த்துப் பூரித்தார்கள்.

பூகம்பத்தில் தப்பியவர்கள்

1908 டிசம்பர் 28-ந் தேதி மெசினா நகரில் பெரும் பூகம்பம். தாய் தந்தையை இழந்த சுமார் 60 குழந்தைகள் ரோமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. சாப்பிட மறுத்தார்கள். இரவில் அலறினார்கள்.

கன்னியாஸ்திரீகளின் மடம் ஒன்றில் அவர்களுக்கும் மாண்டிசோரி முறையில் இல்லம் அமைந்தது. சின்ன மேஜைகள், பூக்கள், தாங்களே செய்யும் வேலைகள், அன்பான பேச்சு. நாளடைவில் பசி எடுத்தது. தூக்கம் வந்தது. சிரிப்பும் திரும்பியது.

சென்னையில் அம்மையார்

1939-ல் அம்மையார் மகனுடன் சென்னை வந்தார். அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் குதித்தது. இத்தாலியர் என்பதால் மரியோவைப் பிரிட்டிஷ் சர்க்கார் காவலில் வைத்தது. அம்மையாரின் 70-வது பிறந்த நாளில் மகனை விடுவித்தது. அவருக்கு அதைவிடப் பெரிய பரிசு ஏது! பிறகு கொடைக்கானலிலும் தங்கிப் பணி செய்தார்.

1952 மே 6-ந் தேதி ஹாலந்து நாட்டில், 81-வது வயதில் அவர் காலமானார்.

குழந்தையின் மூளை முதல் சில ஆண்டுகளில்தான் மிக வேகமாக வளர்கிறது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. அந்த வயதில் சத்துணவு குறைந்தாலும் கெடுதல். பேச்சும் விளையாட்டும் அரவணைப்பும் குறைந்தாலும் கெடுதல்.

பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது இரண்டு வார்த்தை பேசுங்கள். அரிசி பொறுக்கினால் அருகில் உட்கார வையுங்கள். டப்பாவைத் திறந்து மூடினால் பிடுங்காதீர்கள். இதற்குக் காசு வேண்டாம். கொஞ்ச நேரம் போதும்.