அச்சம் களைந்த அறிஞர்

பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் பெற்றது காஞ்சி மாநகர். அம்மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் சோழப் பேரரசன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று காணப்படுகிறது. ஏறத்தாழத் தொள்ளாயிரத்தைம்பது ஆண்டுகட்கு முன் அவ்வூரில் கல்லூரியும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்னும் பெயர் தாங்கிய ஆதுலசாலையும் நடைபெற்ற செய்தியை அக்கல்வெட்டு விரித்துரைக்கிறது. ஆதுலசாலை என்பது மருத்துவமனையாம். அதன்கண் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், நோயாளர்க்குப் பணிவிடை புரியும் பெண்டிர் ஆகியோர்க்கு நெல்லும் காசும் வகுக்கப்பட்டிருந்தன. அங்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் பொறிக்கப்பட்டன.

கல்லில் பொறிக்க இயலாத மருந்துகளும் இரண்டு உள. ஒன்று, மக்கள் மருத்துவர்பால் கொள்ளும் நம்பிக்கை. மற்றொன்று, மருத்துவப் பணி புரிவோரின் மனவுறுதி. கொள்ளைநோய் பரவுங் காலத்தில் இவ்விரண்டும் இல்லையாயின் ஏனைய மருந்துகள் பயன்தாரா. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் உலகிற்கு உணர்த்தியவர் வால்டெமர் ஹாப்கின் என்னும் அறிஞர். வாந்திபேதிக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கண்டு, நம் நாட்டு மக்களுக்காக உழைத்த அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஹாப்கின் 1860-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் ஒடெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் தோன்றினார். கருங்கடற் கரையிலுள்ள அந்நகர் அந்நாளில் உருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. இந்நாளில் உக்ரைன் நாட்டைச் சார்ந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மெச்னிக்காவ் என்னும் புகழ்பெற்ற பேராசிரியரிடம் அவர் விலங்கியல் பயின்றார். யூதர்கள்மீது கலகக் கும்பல்கள் பாய்ந்த காலம் அது. தம் மக்களைக் காக்க முனைந்த ஹாப்கின் காயமுற்றுச் சிறையும் புகுந்தார்; ஆசிரியரின் துணையால் விடுதலை பெற்றார். தம் சமயத்தைத் துறந்தால் உயர்பதவி எய்தலாம் என்ற நிலை வந்தபோதும் அவர் அதற்கு இசைந்தாரல்லர். பின்னர்த் தாய்நாட்டை நீங்கி, 1889-ஆம் ஆண்டில் பாரிசு நகரை அடைந்து, பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் நூலக உதவியாளராக அமர்ந்தார். நூலகப் பணி போக எஞ்சிய நேரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழிந்தது.

அக்காலத்தில் வாந்திபேதி ஆண்டுதோறும் எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்து வந்தது. அந்நோய்க் கிருமிகளின் வலிமையைக் குறைத்து உடம்பிற் செலுத்தினால், உடம்பு அக்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை முன்னரே பெற்றுவிடும் என ஹாப்கின் கருதினார். விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தபின், 1892-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள் அம்மருந்தைத் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் சில நாளில் நீங்கின. பெருந்தீங்கு ஒன்றும் நேரவில்லை. பிறர்க்கு இடும் ஊசியை முதலில் தாம் ஏற்றல் வேண்டும் என்னும் நெறியை அவர் அன்று தொடங்கி என்றும் கைவிட்டிலர்.

1893-ஆம் ஆண்டு அவர் இந்தியா போந்தார். நோயைக் காட்டிலும் ஊசிக்கு மக்கள் மிகுதியாக அஞ்சினர். முன்பின் அறியாத அயல்நாட்டார் ஒருவர் வந்து, நலமாயிருப்பவர் உடம்பில் நோய்க்கிருமியைச் செலுத்துவேன் என்றால் யார்தான் அஞ்சார்? அவ்வச்சத்தை அறியாமை என்று இகழ்ந்து ஒதுக்கிவிடாமல், அதனை மதித்து நீக்க முயன்றதே ஹாப்கினின் பெருமை. 1894-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஏழைகள் வாழும் குடிசைப்பகுதி ஒன்றிற்கு அவர் சென்றபோது மக்கள் கல்லெறிந்தனர். அவர் சினந்தாரல்லர், காவலரை அழைத்தாருமல்லர். கூட்டத்தின் நடுவே தம் மேலாடையை உயர்த்தி, உடன்வந்த மருத்துவரைக் கொண்டு தமக்கே ஊசியிடச் செய்தார். எறியக் கல்லெடுத்த கைகள் தாழ்ந்தன. அங்கிருந்த 200 பேரளவிலான மக்களுள் 116 பேர் தாமே முன்வந்து ஊசி ஏற்றனர். பின்னர் அங்கு வாந்திபேதி கண்டபோது, இறந்தோர் யாவரும் ஊசி ஏற்காதவராகவே இருந்தனர்.

1896-ஆம் ஆண்டு பம்பாய் நகரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் தோன்றியது. இன்று மும்பை என வழங்கும் அந்நகரம் அச்சத்தால் நிலைகுலைந்தது. ஆயிரக்கணக்கானோர் நகரைத் துறந்து ஓடினர். மருத்துவமனைக்குச் சென்றவர் மீளார் என்னும் வதந்தி எங்கும் பரவியது. அவ்வாண்டு அக்டோபரில் ஆலைத் தொழிலாளர் திரண்டு சென்று ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர். அரசோ அச்சத்தை அதிகாரத்தால் அடக்க முற்பட்டது. 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. பூனா நகரில் படைவீரர் வீடுவீடாகப் புகுந்து சோதனையிட்டனர். நோயுற்றோரை உற்றாரிடமிருந்து பிரித்துச் சென்றனர். மக்களின் அச்சம் வெறுப்பாக மாறியது. அங்குப் பிளேக் அதிகாரியாயிருந்த இராண்டு என்பவர் அவ்வாண்டு ஜூன் திங்களில் சுடப்பட்டு, பின்னர் உயிர் துறந்தார். அதே பூனாவில் சாவித்திரிபாய் பூலே அம்மையார், மருத்துவரான தம் மகனுடன் சேர்ந்து பிளேக் நோயாளரைப் பேணி, அந்நோய்க்கே ஆளாகி 1897 மார்ச்சு 10-ஆம் நாள் இறந்தார். ஒரு நகரில் ஒரே காலத்தில் அதிகாரமும் அன்பும் சென்ற வழிகள் இவை.

பம்பாய்க்கு அழைக்கப்பட்ட ஹாப்கினுக்குக் கிராண்டு மருத்துவக் கல்லூரியில் சிறு அறையும் ஒரு நடைக்கூடமுமே ஆய்வுக்கூடமாயின. இரவு பகல் பாராது மூன்று திங்கள் உழைப்பு நடந்தது. கொடிய கிருமிகளின் நடுவே ஓய்வின்றி உழைத்தமையால் உதவியாளருள் ஒருவர் மனம் தளர்ந்து நோயுற்றார். வேறிருவர் பணியை விட்டு நீங்கினர். அவர்களைக் கோழையர் எனக் கருதுதல் தகாது. பிறர் உயிரைக் காப்போர்க்கும் அச்சம் உண்டு, களைப்பு உண்டு, கண்ணீரும் உண்டு.

பிளேக் கிருமிகளை வெப்பத்தால் கொன்று ஹாப்கின் மருந்து ஆக்கினார். 1897-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10-ஆம் நாள் அதனையும் தம் உடம்பில் முதலில் ஏற்றார். பின்னர்ப் பைகுல்லாச் சிறையில் விரும்பி முன்வந்தோர்க்கு ஊசியிடப்பட்டது. மருந்து நோயை முற்றத் தடுப்பதன்று. ஆயினும் நோயும் இறப்பும் குறையக் கண்டனர். அந்நாளில் இருபது வயதளவினராயிருந்த ஆகாகான், தம்மைப் பின்பற்றுவோர் காணப் பலமுறை ஊசி ஏற்று அவர்தம் அச்சத்தைப் போக்கினார். ஆய்வுக்கு இடமும் உதவினார். 1899-இல் பரேல் என்னுமிடத்திலுள்ள பழைய அரசு மாளிகையில் பிளேக் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர்க்கு வேண்டிய மருந்து அங்கிருந்து சென்றது.

புகழின் உச்சியில் இருந்தவர்மீது இடி வீழ்ந்தது. 1902-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பஞ்சாபிலுள்ள மால்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேர்க்கு ஊசியிடப்பட்டது. அவர்களுள் ஒரே புட்டியின் மருந்தை ஏற்ற 19 பேரும் இரணசன்னி என்னும் இழுப்பு நோய் கண்டு இறந்தனர். மருந்து செய்த இடத்திலேயே நஞ்சு கலந்ததென விசாரணைக் குழு கருதியது. ஹாப்கின் பணியினின்று நீக்கி வைக்கப்பட்டார். பழி சுமந்து இங்கிலாந்து சென்றார். உயிர் காக்கக் கண்ட மருந்தே 19 உயிரைக் கொண்டது என்னும் துயரம் ஒருபுறம். செய்யாத பிழைக்குத் தாம் பொறுப்பாக்கப்பட்ட வேதனை மறுபுறம். இவற்றிடையே அவர் மனமுடைந்து ஒடுங்கினாரல்லர். சான்றுகளைப் பொறுமையுடன் ஆராய்ந்து அறிஞர் முன் வைத்தார். ஊசியிட்ட நாளில் புட்டியைத் திறக்கும் இடுக்கி தரையில் விழுந்ததும், அதனைச் செவ்வனே தூய்மை செய்யாது பயன்படுத்தியதும் வெளிப்பட்டன. மலேரியா ஆய்வால் நோபல் பரிசு பெற்ற உரொனால்டு இராசு முதலிய அறிஞர் பதின்மர் 1907 ஜூலையில் செய்தித்தாள் வாயிலாக அவர்க்காக வழக்குரைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் அவர் குற்றமற்றவர் எனத் தெளிவாயிற்று.

ஹாப்கின் மீண்டும் இந்தியா வந்தார். எனினும் தாம் நிறுவிய பம்பாய் ஆய்வுக்கூடம் அவர்க்குக் கிட்டவில்லை. கல்கத்தாவில் பணியாற்றி ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். 1925-இல் பம்பாய் ஆய்வுக்கூடம் ஹாப்கின் நிலையம் எனப் பெயர் பெற்றது. 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் அவர் இயற்கை எய்தினார். 1964-இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. இன்று பிளேக் நோயைக் காலத்தில் அறிந்தால் மருந்துகளால் தீர்க்க இயலும். ஆயினும் அச்சம் என்னும் நோய் இன்னும் உலகை விட்டு நீங்கவில்லை.

2020-ஆம் ஆண்டு கோவிட் பெருந்தொற்று பரவியபோது அதனை நாம் கண்டோம். அவ்வாண்டு ஏப்ரலில், தொற்றால் உயிர் நீத்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கஞ்செய்ய விடாது சென்னையில் சிலர் தடுத்தனர். நோயாளரைக் காத்தவர்க்கு ஆறடி நிலமும் மறுக்கும் அளவிற்கு அச்சம் மனிதரை மாற்றவல்லது. அதே நாட்களில் உற்றாரைப் பிரிந்து மருத்துவமனைகளில் இரவு பகலாகப் பணி புரிந்த செவிலியரும், தெருவைத் தூய்மை செய்த தொழிலாளரும் நம்மிடையே இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது.

மாணவர்களே! கொள்ளைநோய்க் காலத்தில் அஞ்சுதல் இயல்பு. அஞ்சுவோரை இகழ்ந்தும் அடக்கியும் அச்சத்தைப் போக்க முடியாது. உண்மையை எடுத்துரைத்தும், தாமே முன்னின்று செய்து காட்டியும் போக்கலாம். வதந்தியைப் பரப்பாதிருத்தலும், பணி புரிவோர்க்குத் தோள் கொடுத்தலும், அவர்கள் தளர்ந்தபோது ஆறுதல் கூறுதலும் உங்களால் இயலும் மருத்துவமாகும். ஊரார் வீசிய கல்லுக்கு எதிரே தம் உடம்பைக் காட்டி நின்ற ஹாப்கினின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாம்.