சேலத்தில் வாத்தியார், லண்டனில் ‘சில்வர்-டங்ட்’ பேச்சாளர்: யார் இந்த சீனிவாச சாஸ்திரி?

ஆன்லைன் இன்டர்வியூவில் கிராமர் எல்லாம் சரியாத்தான் வருது. ஆனாலும் எதிரில் இருப்பவர் திரும்பச் சொல்லச் சொல்கிறார். இளம்பிள்ளை தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்து ஐடி வேலை தேடும் பலருக்கும் தெரிந்த கதைதான். சிக்கல் பெரும்பாலும் அழுத்தம் விழும் இடத்தில் இருக்கிறது.

இதை லண்டன் போகாமலேயே தாண்டிய ஒருவர், பக்கத்து சேலத்தில் முனிசிபல் கல்லூரி ஆசிரியராக இருந்தார். பெயர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி.

1869 செப்டம்பர் 22-ல் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர். கும்பகோணத்தில் படிப்பு, பிறகு சேலம், அப்புறம் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர். கோகலேவின் இந்திய ஊழியர் சங்கத்தில் 1907-ல் சேர்ந்தார். இங்கிலாந்தை முதலில் பார்த்தது 1919-ல், 50 வயதை நெருங்கும்போது!

அவருக்குக் கிடைத்த பட்டம் ‘சில்வர்-டங்ட் ஆரேட்டர்’, அதாவது வெள்ளி நாக்குப் பேச்சாளர். இந்தப் பட்டமே ஒரு உச்சரிப்புப் பாடம். எழுத்தில் நடுவே ஒரு சின்னக் கோடு. வாயில் மூன்றே அசை: சில்-வர்-டங்ட். நாம் ‘டங்-கு-எட்’ என்று இழுத்தால் அசை கூடிவிடும். ஒருவர் ‘சில்வர்-டங்ட்’ என்று சொல்லி வாக்கியத்தை முடித்தால் முக்கிய அழுத்தம் ‘டங்ட்’ மேல். பின்னால் ‘ஆரேட்டர்’ வந்தால் அது ‘சில்’ பக்கம் நகர்ந்துவிடும். ‘வெல்-நோன்’ என்பதும் இப்படித்தான். ‘மதர்-இன்-லா’வில் மட்டும் எப்போதும் ‘மதர்’தான் ஓங்கும், மாமியார் ஆச்சே!

தமிழில் கல், கால் என்று குறில் நெடில்தான் பொருளை மாற்றும், அழுத்தம் மாற்றாது. அதனால்தான் நம் காது இதைக் கவனிக்கப் பழகவில்லை.

காந்தியே தன் ஆங்கிலத்தைத் திருத்த இவரை நாடியதுண்டு. அரசியலில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்பது வேறு விஷயம். 1927-ல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜென்ட் ஆனார். டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்காக அவர் முயற்சியில் எழுந்ததுதான் சாஸ்திரி கல்லூரி.

ஆனால் நல்ல உச்சரிப்பு எல்லாக் கதவையும் திறக்கவில்லை. 1922-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றி, அங்குள்ள இந்தியர்களுக்குச் சம உரிமை கேட்டார். பேச்சுக்குப் பாராட்டு குவிந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இந்தியர்களுக்கு ஓட்டுரிமை கொடுத்ததோ 1947-ல். சாஸ்திரி இறந்தது 1946 ஏப்ரல் 17.