இளையராஜாவுக்கு 6 மாதம் மூத்தவர்... சிதாரை ராக் இசைக்குள் கொண்டுபோன ஆனந்த சங்கர்! யார் இவர்?

தேனியில் பஸ் ஏறி சின்னமனூர், உத்தமபாளையம் வழியா கம்பம் போயிருக்கீங்களா? டிரைவர் யாரோட பாட்டைப் போடுவார்னு சொல்லவே தேவையில்லை. பண்ணைப்புரத்துக்காரர் பாட்டுதான். மேலே நாட்டுப்புற மெட்டு, கீழே பேஸ் கிட்டார், நடுவில் சிந்தசைசர். அதைக் கேட்டு, இதென்ன வெளிநாட்டுச் சத்தம்னு அந்த பஸ்ல யாரும் முகம் சுளிக்கிறதில்லை. அந்தக் கலவை நமக்கு அவ்வளவு பழகிப்போச்சு.

ஆனா, அதே காலத்தில் இந்தியாவின் இன்னொரு மூலையில் இதே மாதிரி கலவையைச் செய்த ஒருத்தரை நம்ம ஊர் கிட்டத்தட்ட கவனிக்கவே இல்லை. இளையராஜா பிறந்தது 1943 ஜூன். இவர் பிறந்தது 1942 டிசம்பர் 11. இடைவெளி வெறும் 6 மாதம். கையில் சிதார், பக்கத்தில் எலக்ட்ரிக் கிட்டார், பின்னால் சிந்தசைசர். உலகம் முழுக்க 'சைக்கடெலிக் ராக்' ரசிகர்கள் இன்னைக்கும் தேடிக் கேட்கிற பெயர் அது: ஆனந்த சங்கர்.

'இருமுகன்' படத்தை எடுத்த இயக்குநர்னு நினைச்சுடாதீங்க. அவர் வேற, இவர் வேற. இந்த ஆனந்த சங்கர் மறைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

சைக்கடெலிக் ராக்னா என்ன?

1960-களின் நடுவில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிளம்பிய இசை இது. அதுவரை ராக் பாட்டு என்றால் மூன்று நிமிஷம், ஒரு பல்லவி, ஒரு கிட்டார் துண்டு, அவ்வளவுதான். சைக்கடெலிக் இசைக்காரர்கள் அதை இழுத்து நீட்டினார்கள். பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் ஓடும் பாட்டுகள், எதிரொலி, டேப்பைத் திருப்பி ஓட்டிய சத்தம்னு கேட்பவரை மயக்க நிலைக்குக் கொண்டுபோவதுதான் நோக்கம். எல்.எஸ்.டி போதைக் கலாசாரத்தோடு சேர்ந்து வளர்ந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அதிலிருந்து கிளைவிட்டதுதான் 'ஸ்பேஸ் ராக்'. விண்வெளியில் மிதக்கிற மாதிரி ஓர் உணர்வைத் தரும் இசை. பிங்க் ஃபிலாய்ட் 1967-ல் தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ராபர்ட் மோக் என்ற பொறியாளர் 1964-ல் அறிமுகப்படுத்திய 'மோக் சிந்தசைசர்' இந்த இசைக்கு ஒரு பெரிய ஆயுதமாகக் கிடைத்தது.

இதில் சிதார் எப்படி வந்தது?

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1965-ல் ஒரு பாட்டில் சிதார் வாசித்தார். அடுத்த ஆண்டே பண்டிட் ரவிசங்கரிடம் பாடம் கேட்கப் போனார். அதன்பிறகு சிதார் இல்லாத ராக் ஸ்டுடியோவே இல்லைங்கிற நிலைமை.

இதற்குச் சிதாரின் உடலமைப்பும் காரணம். நம்ம வீணையில் வாசிக்க நாலு தந்தி, தாளத்துக்கு மூணு தந்தி. சிதாரில் வாசிக்கிற தந்திகளுக்கு அடியில் 'தரப்' என்று பத்துக்கும் மேற்பட்ட மெல்லிய தந்திகள் இருக்கும். அவற்றை யாரும் தொடவே வேண்டாம். மேலே ஒரு சுரம் வாசித்தால், அதே சுரத்தில் கட்டியிருக்கும் தரப் தந்தி தானாக அதிர்ந்து ஒலிக்கும். ராக் குழுக்கள் மெஷின் வச்சு உண்டாக்கிய எதிரொலி, சிதாருக்குப் பிறவியிலேயே இருந்தது.

பெரிய வீட்டுப் பிள்ளை

ஆனந்த சங்கரின் அப்பா உதய் சங்கர். இந்திய நவீன நடனத்தின் முன்னோடி. அம்மா அமலா சங்கரும் நடனக் கலைஞர். உலகப் புகழ் பெற்ற ரவிசங்கர், உதய் சங்கரின் கடைசித் தம்பி. அதாவது ஆனந்தாவுக்குச் சித்தப்பா. தங்கை மமதா சங்கர் பின்னாளில் வங்காள சினிமாவில் பெரிய நடிகை ஆனார்.

இமயமலை அடிவாரத்து அல்மோராவில் அப்பா நடத்திய கலை மையத்தில்தான் ஆனந்தா பிறந்தார். அந்த மையம் சீக்கிரமே மூடப்பட்டது. உதய் சங்கர் தன் கனவை சினிமாவாக எடுக்க முடிவு செய்து வந்து நின்ற இடம் எது தெரியுமா? நம்ம சென்னை. எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் உருவான அந்தப் படம்தான் 'கல்பனா'. 1948-ல் வெளியானது. கதாநாயகி அமலா சங்கர். நம்ம நாட்டியப் பேரொளி பத்மினி முதன்முதலில் திரையில் தோன்றியதும் இதே படத்தில்தான். அதே ஸ்டூடியோவிலிருந்து அதே ஆண்டு, முரசு நடனத்தோடு 'சந்திரலேகா'வும் வந்தது.

'கல்பனா' வெளியானபோது ஆனந்தாவுக்கு ஐந்து வயது. நாட்டியமும் மேள வாத்தியங்களும் சினிமா விளக்குகளுமாக இருந்த வீடு அது. இசையைத் தனியா ஒரு பாடமாக இல்லாமல், காட்சியோடு சேர்த்தே பார்த்து வளர்ந்த குழந்தை.

சித்தப்பாவிடம் கற்கவில்லை

ரவிசங்கர் வீட்டுப் பையன் சிதார் வாசிக்கிறான்னா, சித்தப்பாதான் குருன்னு யாரும் நினைப்பாங்க. ஆனா இல்லை. குவாலியர் சிந்தியா பள்ளியில் படித்த ஆனந்தா, சிதார் கற்றது பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில், டாக்டர் லால்மணி மிஸ்ராவிடம்.

இது சின்ன விஷயம் இல்லை. அப்பா நடனத்தில் மலை, சித்தப்பா சிதாரில் மலை. நடுவில் நிற்கிறவருக்கு சொந்தமா ஒரு அடி நிலம் வேணும். சித்தப்பா வாசிக்கிற மாதிரியே வாசித்தால், எவ்வளவு நல்லா வாசித்தாலும் 'ரவிசங்கரின் அண்ணன் மகன்' என்ற பெயர்தான் மிஞ்சும். 1960-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன ஆனந்தா, சித்தப்பா மிதிக்க மறுத்த பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்.

அது என்ன பாதை? 1967 ஜூனில் கலிபோர்னியாவின் மான்டெரே இசை விழாவில் ரவிசங்கரும் வாசித்தார், கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் வாசித்தார். ஹெண்ட்ரிக்ஸ் மேடையிலேயே கிட்டாருக்குத் தீ வைத்தார். வாத்தியத்தை தெய்வமா பார்க்கும் மரபிலிருந்து வந்த ரவிசங்கருக்கு அது பொறுக்கவில்லை. ராக் உலகத்தையும் அதன் போதைப் பழக்கத்தையும் அவர் வெளிப்படையாகவே கண்டித்தார். ஆனந்தாவோ லாஸ் ஏஞ்சல்ஸில் அதே ஹெண்ட்ரிக்ஸோடு உட்கார்ந்து வாசித்தார்.

1970: முதல் ஆல்பம்

ஹெண்ட்ரிக்ஸின் ஆல்பங்களை அமெரிக்காவில் வெளியிட்ட ரெப்ரைஸ் நிறுவனமே ஆனந்தாவையும் ஒப்பந்தம் செய்தது. 1970-ல் அவர் பெயரிலேயே முதல் ஆல்பம் வந்தது. அப்போ வயது 27.

முதல் பாட்டு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஜம்பின் ஜாக் ஃபிளாஷ்'. பாடகர் பாட வேண்டிய மெட்டை சிதார் வாசிக்கும். இன்னொன்று, டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்'. இதில் ஒரு சுவாரசியம் இருக்கு. டோர்ஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் ராபி க்ரீகர், ரவிசங்கரின் இசைப் பள்ளியில் பாடம் கேட்டவர். இந்திய வாசனை பட்ட ஒரு ராக் பாட்டு, சுற்றிவந்து மறுபடியும் சிதாரிலேயே வந்து உட்கார்ந்தது.

ஆனா அந்த ஆல்பத்தின் உயிர் இந்த ரெண்டு பாட்டிலும் இல்லை. 'சாகர்' என்ற பாட்டில் இருக்கு. கடல்னு அர்த்தம். சுமார் 13 நிமிஷம். மோக் சிந்தசைசர் அலை மாதிரி எழும்ப, அதன் மேல் சிதார் அவசரமே இல்லாமல் மிதந்துபோகும். கச்சேரியில் தாளம் சேரும் முன் வித்வான் மெதுவா ராகத்தை விரிப்பாரே, அந்தப் பொறுமை. பிங்க் ஃபிலாய்டின் 'தி டார்க் சைடு ஆஃப் த மூன்' வர இன்னும் மூணு வருஷம் இருந்த நேரம் அது.

ஊருக்குத் திரும்பினார்

அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் சிதார் மோகம் இருக்கும்வரை பிழைப்பு ஓடியிருக்கும். ஆனந்தா 1970-களின் தொடக்கத்தில் கல்கத்தா திரும்பிவிட்டார். மிருணாள் சென் இயக்கிய 'கோரஸ்' படத்துக்கு இசையமைத்து, 1974-ம் ஆண்டுக்கான தேசிய விருதும் பெற்றார்.

1975-ல் வந்ததுதான் அவருடைய மிக முக்கியமான ஆல்பம், 'ஆனந்தா சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்'. அதில் சிதார், ராக் கிட்டார், டிரம்ஸ், மோக் எல்லாம் உண்டு. கூடவே தபலா. அதோடு நம்ம மிருதங்கமும்! முதல் ஆல்பத்தில் மற்றவர்களின் ராக் பாட்டை சிதாரில் வாசித்தவர், இதில் தன் ஊரையே ராக் பாட்டாக்கினார். 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா' கேட்டால், டிராமும் ரிக்‌ஷாவும் முட்டிக்கொள்ளும் நெரிசல் கண்ணில் வரும்.

அடுத்த ஆண்டு, 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றிய இளைஞர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, கிராமத்து மெட்டோடு அதைச் சேர்த்தார். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து செய்த வேலை இல்லை இது. ஒரே வயசுக்காரர்கள், ஒரே கேள்விக்கு ரெண்டு மூலையில் உட்கார்ந்து பதில் எழுதினார்கள்.

பிறகு ஏன் ஒருவரை பஸ்ஸில் கேட்கிறோம், இன்னொருவரை யாரென்று கேட்கிறோம்? இளையராஜாவின் இசைக்கு சினிமா என்ற வாகனம் இருந்தது. பாடல் வரி இருந்தது. டீக்கடை ரேடியோ வரை அது போய்ச் சேர்ந்தது. ஆனந்தாவின் ஆல்பங்களில் பெரும்பாலும் பாட்டு வரிகளே கிடையாது. சாஸ்திரிய சங்கீத மேடைக்கு அது ராக். ராக் கடையில் அது இந்திய இசை. எந்த அலமாரியில் வைப்பதுன்னு தெரியாத இசைத்தட்டு, கடைசியில் கடைக்குள்ளேயே தூங்கிப்போகும்.

விடாமல் செய்த சோதனைகள்

அதுக்காக அவர் நிறுத்தவில்லை. 1977-ல் அப்பா உதய் சங்கர் மறைந்தார். 'மிஸ்ஸிங் யூ' ஆல்பம் வந்ததும் அதே ஆண்டுதான். 1981-ல் 'ச-ரி-க மச்சான்'. இது நம்ம ஊர் மச்சான் இல்லை. காட்டில் விலங்கு பார்க்க மரத்து மேல் கட்டும் பரணுக்கு வட இந்தியாவில் மச்சான்னு பெயர். காண்டாமிருகம், அணில், பாயும் புலின்னு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு. மேகமலை, பெரியாறு காடுகளைப் பக்கத்தில் வைத்திருக்கும் கம்பம்காரர்களுக்கு இந்த ஆல்பம் கண்டிப்பா பிடிக்கும்.

1984-ல் '2001' என்ற ஆல்பம். ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போன ஆண்டும் அதுதான். மனைவி தனுஸ்ரீ சங்கர் நடனக் கலைஞர் என்பதால், இசையையும் நடனத்தையும் ஒரே மேடையில் சேர்க்கும் நிகழ்ச்சிகளையும் ஆனந்தா தொடர்ந்து நடத்தினார். அப்பா 'கல்பனா'வில் தேடியதை மகன் மேடையில் தேடினார் என்றே சொல்லலாம்.

லண்டனில் திறந்த கதவு

1990-களின் நடுவில் கதை திரும்பியது. லண்டன் கிளப்களில் பழைய இசைத்தட்டுகளைத் தோண்டி எடுத்து வாசிக்கும் டி.ஜே-க்கள் கையில் அந்த 1975 ஆல்பம் சிக்கியது. 1996-ல் புளூ நோட் நிறுவனம் வெளியிட்ட ஒரு தொகுப்பில் 'டான்சிங் டிரம்ஸ்', 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா' ரெண்டும் இடம்பெற்றன. இருபது வருஷத்துக்கு முன்னால் கல்கத்தாவில் பதிவான தாளத்துக்கு, அது வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள் ஆடினார்கள்.

ஆனந்தாவே லண்டன் போனார். 'ஸ்டேட் ஆஃப் பெங்கால்' என்ற பெயரில் இயங்கிய வங்காள வம்சாவளி டி.ஜே-யுடன் சேர்ந்து மேடை ஏறினார். சுற்றுப்பயணம் நடந்தது. 'வாக்கிங் ஆன்' என்ற ஆல்பமும் தயாரானது. இத்தனை வருஷமா எந்த அலமாரிக்கும் பொருந்தாத மனுஷனுக்குன்னு ஒரு கூட்டம் வந்து சேர்ந்த நேரம் அது.

ஆனா காலம் அவ்வளவுதான் கொடுத்தது. 1999 மார்ச் 26, மாரடைப்பில் ஆனந்த சங்கர் காலமானார். வயது 56 தான். 'வாக்கிங் ஆன்' கடைக்கு வந்தபோது, அதைக் கையில் வாங்கிப் பார்க்க அவர் இல்லை.

பிறகும் அந்த இசை ஓயவில்லை. 1975 ஆல்பம் 2005-ல் சி.டி-யாக மறுபடியும் வந்தது. 2008-ல் வெளியான 'லிட்டில் பிக் பிளானெட்' வீடியோ கேம் ஆடியவர்கள், பெயரே தெரியாமல் 'டான்சிங் டிரம்ஸ்' கேட்டிருப்பார்கள்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதல் முறை கேட்கிறவங்க 'டான்சிங் டிரம்ஸ்'ல ஆரம்பிங்க. கால் தானா தாளம் போடும். அடுத்து 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கத்தா'. இது ரெண்டும் பிடிச்சா மட்டும் 'சாகர்' போங்க. 13 நிமிஷம், ஹெட்செட் அவசியம், நடுவில் ரீல்ஸ் பார்க்கக் கூடாது.

கம்பம் போற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைச்சா இன்னும் நல்லது. பண்ணைப்புரத்துக்காரரின் பாட்டை டிரைவர் எப்படியும் போடுவார். ஒரு 13 நிமிஷம் மட்டும் அவருடைய வயசுக்காரர் இன்னொருத்தருக்குக் கொடுங்க.