மின்னியல் மேதை ஸ்டைன்மெட்ஸ்

உடற்குறை உள்ளத்தின் உயர்வுக்குத் தடையாகாது என்பதை வாழ்ந்து காட்டியவர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ்.

1865ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், அந்நாளில் பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த பிரெஸ்லாவ் நகரில் அவர் பிறந்தார். இன்று அந்நகர் போலந்து நாட்டில் உள்ளது. பிறவியிலேயே கூன் முதுகு. வளர்ந்தபின்னும் உயரம் ஏறத்தாழ நான்கடியே. ஆயினும் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் சுடர்விட்டார். சமதர்மக் கொள்கையில் ஈடுபட்டு அரசின் சினத்துக்கு ஆளானதால், 1888இல் சூரிச் நகருக்குத் தப்பிச் சென்றார். மறு ஆண்டு அமெரிக்காவை அடைந்தார். அவர் உருவைக் கண்ட அதிகாரிகள் திருப்பி அனுப்ப முனைந்தனர். உடன் வந்த நண்பர் பரிந்து பேசியதால் கரையேறினார்.

அக்காலத்தில் மின்பொறிகளின் இரும்புப் பகுதியில் காந்தத் தயக்கத்தால் எவ்வளவு ஆற்றல் வீணாகும் என்பது, பொறியைச் செய்து பார்த்த பின்னரே தெரியும். அதை முன்கூட்டியே கணக்கிடும் விதியை 1892இல் வெளியிட்டார். மாறுதிசை மின்னோட்டக் கணக்குகளோ கடினமான நுண்கணிதத்தில் சிக்கிக் கிடந்தன. கலப்பெண்களைக் கொண்டு அவற்றை எளிய இயற்கணிதமாக்கும் முறையை 1893இல் சிகாகோ மாநாட்டுக்கு அளித்தார். பின்னர் ஸ்கெனெக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றினார். யூனியன் கல்லூரியில் மாணவர்க்குக் கற்பித்தார். 1922இல் ஆய்வுக்கூடத்திலேயே செயற்கை மின்னலை உண்டாக்கிக் காட்டினார். 1923 அக்டோபர் 26இல் மறைந்தார்.

பழுதான பொறி ஒன்றில் அவர் சுண்ணக்கட்டியால் கோடு ஒன்று போட்டு, பெருந்தொகை பெற்றதாக ஒரு கதை வழங்குகிறது. கோடு போட்டதற்குச் சிறுதொகை. எங்கே போடுவதென அறிந்ததற்கே மீதி என்பர். கதை உண்மையோ கற்பனையோ, அவர் பெருமை அதில் இல்லை. எங்கே போடுவது என்பதைப் பிறரும் அறியச் செய்தாரே, அதுவே பெருமை!

மின்தடங்களில் பெரும் பழுது நேர்ந்தால், கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கைகள் நூற்றுக்கணக்கில் ஒருசேர எழும். மூலகாரணம் எது, எதை முதலில் சீர்செய்வது என்பதை நெடுநாள் பழகிய பணியாளர் விரைவில் உணர்வார். அவர் ஓய்வு பெற்றால் அவ்வறிவும் அவரோடு போய்விடுமே! இன்ன நிலை நேர்ந்தால் இன்னது செய்க என அதனை விதிகளாகத் தொகுத்துக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் முயற்சி 1980களில் பல நாடுகளில் நடைபெற்றது. வல்லுநர் அமைப்பு என்பது அதன் பெயர். ஸ்டைன்மெட்ஸ் காணாத கருவி அது. எனினும் ஒருவர் தலைக்குள் உறைந்த அறிவைப் பலர் கைக்கு எட்டும் முறையாக்கும் நோக்கம், அவர் பேணிய நோக்கமே.

மாணவத் தோழர்களே! கற்றதை நமக்குள் பூட்டி வைத்தால் அது நம்மோடு மடியும். பிறர்க்குப் பயன்படும் வழியாக்கி விட்டால், நம் காலத்துக்குப் பின்னும் ஒளி தரும்.