போர்முனையில் போட்ட கணக்கு



கருந்துளை என்றதும் எல்லோருக்கும் ஐன்ஸ்டீன் பெயர்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ஒரு போர்வீரர். அவர் பெயர் கார்ல் சுவார்ஸ்சில்டு. அவருடைய வாழ்க்கையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1873 அக்டோபர் 9 அன்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் மூத்த பிள்ளை. சின்ன வயதிலேயே வானத்தின் மேல் ஒரே பைத்தியம். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களைப் பற்றி இவர் எழுதிய கட்டுரை வானியல் இதழில் வந்தபோது வயது 16தான். நம்ம வயசு! 1896-இல் மியூனிக்கில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு வியன்னாவில், போட்டோ தகட்டில் பதியும் கருமையை வைத்து விண்மீனின் ஒளியை அளக்க வழி கண்டார். 1901-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1909-இல் போட்ஸ்டாம் வானாய்வகத்தின் இயக்குநர்.

1914-இல் முதல் உலகப்போர் வந்தது. இவருக்கு வயது நாற்பது தாண்டிவிட்டது. பெரிய பதவி, மனைவி, குழந்தைகள் எல்லாம் இருந்தும் தானாகவே போய்ப் படையில் சேர்ந்தார். பெல்ஜியத்தில் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தார். பிரான்சில் பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போட்டார். இதைப் படிச்சப்போ எனக்கு மனசு கஷ்டமா இருந்தது. விண்மீன்களின் பாதையை எழுதிய அதே கை, மனிதரைக் கொல்லும் குண்டின் பாதையையும் எழுதியது. பெரியவரைப் பற்றி எழுதும்போது இதை மறைக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன்.

அடுத்து ரஷ்யப் போர்முனை. அங்கே இவரைப் பெம்பிகஸ் என்ற கொடிய தோல் நோய் பிடித்தது. உடம்பெல்லாம் கொப்புளம். அந்தக் காலத்தில் அதற்கு மருந்தே கிடையாது. 1915 நவம்பரில் ஐன்ஸ்டீன் தன் ஈர்ப்புச் சமன்பாடுகளை வெளியிட்டார். அவரே அதற்குத் தோராயமான விடைதான் கண்டிருந்தார். சுவார்ஸ்சில்டு சில வாரங்களிலேயே துல்லியமான விடையைக் கண்டு கடிதத்தில் அனுப்பிவிட்டார்! 1916 ஜனவரி 13 அன்று பெர்லினில் அறிஞர்கள் சபை முன் ஐன்ஸ்டீன் அதை வைத்தார். அதே ஆண்டு மே 11 அன்று சுவார்ஸ்சில்டு இறந்துபோனார். வயது 42.

அந்தக் கணக்கு என்ன சொல்கிறது தெரியுமா? ஒரு பொருளை ஒரு குறிப்பிட்ட ஆரத்துக்குள் அடக்கிவிட்டால் ஒளிகூட அதிலிருந்து தப்பாது. சூரியனுக்கு அந்த ஆரம் 3 கி.மீ. நம் பூமிக்கு 9 மி.மீ., அதாவது ஒரு கோலிகுண்டு! நிறை இரண்டு மடங்கானால் ஆரமும் இரண்டு மடங்காகும். இதுதான் சுவார்ஸ்சில்டு ஆரம். கருந்துளை என்ற பெயர் பரவியதே 1960-களில்தான். பாவம், அவர் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

நம் பால்வீதியின் நடுவில் உள்ள கருந்துளை சுமார் 43 லட்சம் சூரியன்களின் நிறை கொண்டது. இப்படிப்பட்ட ராட்சதக் கருந்துளைகள் வாயுவை இழுத்து விழுங்கியும், ஒன்றோடொன்று சேர்ந்தும் வளர்கின்றன. விழும் வாயு சுழன்று உரசிச் சூடேறிப் பிரகாசிக்கும். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஒரு கருந்துளை, பேரண்டம் தோன்றி 67 கோடி ஆண்டுகளே ஆனபோது 160 கோடி சூரியன்களின் நிறையை எட்டியிருந்தது. அதற்குள் எப்படி இவ்வளவு வளர்ந்தது? யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியாது.

அவற்றின் பக்கத்தில் நடப்பதைத் தூசியும் வாயுவும் மறைத்துவிடுகின்றன. ஒளி வர முடியாத இடத்திலிருந்தும் நியூட்ரினோ வந்துவிடும். கருந்துளை அருகே அதிவேகப் புரோட்டான்கள் மோதும்போது உருவாகும் துகள்கள் சிதைந்து நியூட்ரினோ பிறக்கிறது. அதற்கு மின்னூட்டம் இல்லை, எதிலும் லேசில் மோதாது, நேர்கோட்டில் வரும். தென்துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,160 உணர்கருவிகளை இறக்கி இதைப் பிடிக்கிறார்கள். அதன் பெயர் ஐஸ்கியூப். எம் 77 என்ற விண்மீன் திரளின் நடுவிலிருந்து வந்ததாக சுமார் 80 நியூட்ரினோக்களை 2022-இல் அறிவித்தார்கள். அது 4.7 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது!

இன்னொன்று சொல்ல வேண்டும். அப்பா இறந்தபோது மகன் மார்ட்டினுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அவரும் வானியலாளர் ஆனார். ஆனால் யூதர் என்பதால் ஹிட்லர் ஆட்சியில், 1936-இல், ஜெர்மனியை விட்டே போக வேண்டியதாயிற்று. எந்த நாட்டுக்காக அப்பா படையில் சேர்ந்தாரோ அந்த நாடு பிள்ளையை விரட்டியது. அவர் போட்ட பீரங்கிக் கணக்கு இன்று யாருக்கும் வேண்டாம். நோயோடு போட்ட அந்த இன்னொரு கணக்கைத்தான் நூறு வருஷம் தாண்டியும் உலகமே பயன்படுத்துகிறது.

நண்பர்களே, கணக்கு எதுக்கு உதவப் போகுதுன்னு இனிமே அலுத்துக்காதீங்க! ராட்சதக் கருந்துளை வளர்ந்த ரகசியம் இன்னும் பாக்கி இருக்கு. அதைக் கண்டுபிடிக்கப் போவது நம்மில் ஒருவராகவும் இருக்கலாம்!